குடையைக் கீழே வைத்த ஏகாம்பரம்

ஏகாம்பரம் போய்விட்டார் என்ற செய்தியைக் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸின் கண்டக்டர்தான் கொண்டுவந்தார். மகள் வீட்டில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பேரனோடு படுத்தவர், பேரன் எழுந்த பிறகும் எழவில்லையாம். நம் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்து, சூரியனையே லேட்டாக வந்ததற்குக் கண்டித்த மனிதர் சொல்லாமல் கிளம்பிவிட்டார். பக்கத்துக் கூண்டில் டிக்கெட் கொடுத்த எனக்கு அழுகைக்கு முன்னால் நிம்மதிதான் வந்தது. ஒரு சாமியாரின் சாவாக முடிந்திருக்க வேண்டியது, ஒரு தாத்தாவின் சாவாக முடிந்ததே என்று.

அவரை நீங்கள் குடைச்சாமி என்ற பெயரில் அறிந்திருப்பீர்கள். வெயிலோ மழையோ, கையில் ஒரு கறுப்புக் குடை. அதுவும் தலைக்கு மேலே இல்லை, மலை இருக்கும் பக்கமாகச் சாய்த்துத்தான் பிடிப்பார். சாமியே மலையாக நிற்கும் நம் ஊரில் மலையிடமிருந்து தப்ப முடியுமா? கக்கூஸில் உட்கார்ந்தாலும் ஜன்னலில் எட்டிப் பார்க்கும். அடி அண்ணாமலை சோடாக்கடைக்காரர் ஒருவர் இதற்கு விளக்கம் கண்டுபிடித்தார்: ஊருக்கெல்லாம் கல்லாகத் தெரியும் மலை இவருக்கு மட்டும் நெருப்பாகவே தெரிகிறது, அந்த அனல் தாங்காமல்தான் குடை. அவ்வளவுதான், பாதி ஜில்லா அவர் காலில் விழுந்தது. விழுப்புரம் வண்டி எப்போது என்று கேட்டு, ஆறே கால் என்று அவர் சொன்னால், அதற்கும் உள்ளர்த்தம் தேடினார்கள்.

உண்மையை ஒருநாள் டீ ஆறிப்போகும்வரை யோசித்துவிட்டு என்னிடம் சொன்னார். ஊருக்கே மாமாவான நான் அவருக்கும் மாமாதான்.

"மாமா, மலையப் பாத்தா மனசுக்குள்ள அசிங்க அசிங்கமா திட்டு வருது. நான் திட்டல, தானா வருது. என்னை மாதிரி பாவி இந்த ஜில்லாவுலயே கெடையாது."

ஒவ்வொரு திட்டுக்கும் கன்னத்தில் போட்டுக்கொள்வார். மலையைப் பார்த்தால் நாமெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள்தானே, யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அவர் கன்னம் இரண்டும் பூரி மாதிரி உப்பியிருக்கும். மலை கண்ணில் படாமலிருக்கத்தான் குடை. மகளுக்குக் கீழ்பென்னாத்தூரில் நிச்சயமாகியிருந்தது, கல்யாணம் கோயிலில். மலையடியில் நின்று தாரை வார்க்க வேண்டுமே, நான் வரமாட்டேன், என் தம்பி நிற்கட்டும் என்று அழுதார்.

கல்யாணத்துக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. நானும் அவர் மனைவி அலமேலுவும் அவரை வேலூரில் ஒரு மனநோய் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனோம். பைத்தியம் என்று கட்டிப்போடுவார்கள் என்று நடுங்கியவரிடம் அந்த அம்மா சொன்னது இதுதான்:

"கெட்டவனுக்கு இந்த நெனப்பு வந்தா சிரிச்சிட்டுப் போயிடுவான். நீங்க நடுங்கறீங்க. அதுலயே தெரியல, இது நீங்க இல்ல, நோயின்னு?"

ஏகாம்பரம் அங்கேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். பாலாற்றில் அந்த வருஷம் ஓடிய தண்ணீர் அது ஒன்றுதான்.

குளோமிப்ரமின் என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வாய் பாலைவனமாக வறண்டது. வயிறு வேலைநிறுத்தம் செய்தது. குணம் தெரியச் சில வாரம் ஆகும் என்றார்கள், ஆனது. கூடவே ஒரு பயிற்சி. தினமும் சாயங்காலம் குடையில்லாமல் மலைக்கு நேரே உட்கார வேண்டும். திட்டு வந்தால் வரட்டும், தடுக்கக்கூடாது. கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் கூடாது. முதல் நாள் கைகளைத் தொடைக்கடியில் வைத்து, அவற்றின்மேலேயே உட்கார்ந்துகொண்டார். உடம்பெல்லாம் வேர்வை. பயம் ஏறியது, நின்றது, பிறகு தானாக இறங்கியது. நாளாக நாளாக ஏறுவது கம்மியானது. ஒருநாள் கொட்டாவி விட்டார். நான் எழுந்து ஆடாத குறைதான்.

ஆனால் பக்தர்கள் விடுவார்களா? சாமி குடையை மறந்துவிட்டார் என்று யாராவது ஓடிவந்து பிடிப்பார்கள். ஒரு பௌர்ணமியன்று குடைகள் கூடி, அவருக்கும் மலைக்கும் நடுவே ஒரு சுவரே எழுந்தது. பழைய பயம் திரும்பி, அவர் கை கன்னத்தை நோக்கி நகர்ந்ததைப் பார்த்துவிட்டு அலமேலு எழுந்தாள்.

"எங்க வூட்டுக்காரரு சாமி இல்லீங்க. அவருக்கு மனசுல நோய். மாத்திர சாப்புடறாரு. வழிய வுடுங்க."

கூட்டத்தில் குடைகள் ஒவ்வொன்றாக மடங்கின. அந்தக் கூட்டத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பாவும் நின்றிருந்தார் என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. மனநோய்க்காரன் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? அலமேலு இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. ஏகாம்பரம் மட்டும், "உள்ளதத்தானே சொன்ன" என்று அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் அப்பா வயலில் விளைந்த மல்லாட்டைக் கடலை மூட்டையோடு டைம்கீப்பர் கூண்டுக்கே வந்துவிட்டார். நாங்கள் எழுந்து நின்றோம். அவர் மூட்டையை இறக்கிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"சாமிய சம்பந்தியாக்கிக்கிட்டு எப்படிக் காலம் தள்றதுன்னு நாலு மாசமா தூக்கமில்லீங்க. அவரு முன்னால கால நீட்டி உக்கார முடியுமா, ஒரு பீடி புடிக்க முடியுமா? மாத்திர சாப்புடற மனுசன்னா நமக்கு ஒத்துவரும். எனக்கே சக்கர ஜாஸ்தி."

அன்றைக்கு நாங்கள் விட்ட பெருமூச்சில் செங்கம் வண்டி தள்ளாமலே ஸ்டார்ட் ஆகியிருக்கும்.

கல்யாணத்தில் ஏகாம்பரம் மலைக்கு நேராக நின்றார். அலமேலு தண்ணீர் ஊற்ற, மகள் கையை மாப்பிள்ளை கையில் வைத்தார். முகம் தெளிவாக இருந்தது. நோய் ஓடிப்போய்விட்டது என்று எண்ணி, பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து பாராட்டினேன். அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்:

"எங்க ஓடிச்சு? தாரை வார்க்கும்போதே வந்துச்சு மாமா, காது கூசற மாதிரி. வந்துட்டுப் போவட்டும்னு நான் பாட்டுக்குப் பொண்ணு கையப் புடிச்சிக் குடுத்தேன்."

அப்புறம் மாத்திரை குறைந்தது, டாக்டரம்மா சொல்லி நின்றும் போனது. நினைப்பு எப்போதாவது வந்து போயிற்று. என் மனசும் சும்மா இருப்பதில்லை. இந்த வயதில் அது காட்டும் பூச்சாண்டிகளை எழுதினால் காகிதம் காணாது. அப்போதெல்லாம் நான் அதோடு சண்டைக்குப் போவதில்லை. ஏகாம்பரத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த 'நான் பாட்டுக்கு' ஒன்றைத்தான்.