கைதட்டு விழும் இடம்

எழிலரசன் குடியை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. கரிக்கலாம்பாக்கத்தில் ஆட்டோ ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறான். குடியை விட்டவர்களின் சங்கம் ஒன்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டு அவன் கையில் மைக்கைக் கொடுத்துவிடும். முதலில் நாக்கு ஒட்டிக்கொண்டது. இப்போது எங்கே குரலை இறக்கினால் கண் கலங்குவார்கள் என்பது வரைக்கும் அத்துப்படி.

கைதட்டு விழும் இடம் ஒன்று உண்டு. "பொங்கலன்னிக்குப் போதையில வந்து, பொங்குற பானைய எட்டி ஒதச்சேன்! அதையும் தாங்கிக்கினா பாருங்க, இதோ, இந்தத் தெய்வம்!" என்று முதல் வரிசையில் இருக்கும் மனைவி தேவியைக் காட்டுவான். கூட்டமே திரும்பிப் பார்த்துக் கைதட்டும். தேவி தலையைக் குனிந்துகொள்வாள். கூச்சம் என்று நினைத்துக்கொள்வான், மடையன்.

போன மாதம் வில்லியனூரில் சால்வை போட்டார்கள். ஆட்டோவில் திரும்பும்போது பின்சீட்டிலிருந்து தேவி சொன்னாள்.

"இனிமே நான் வரல."

"ஏன், இன்னா ஆச்சு?"

"நீ பானைய ஒதைக்கல. என்னத்தான் ஒதச்ச. சத்தம் கேட்டு பக்கத்து வூட்டு காசம்மாக்கா ஓடியாந்துச்சி. எனக்கு வெக்கமாப் போச்சு. பானைய ஒதச்சிட்டாருன்னு சொல்லிட்டேன். நீ அதையே புடிச்சிக்கின."

எழிலரசன் வண்டியை ஓரங்கட்டினான். அந்த நாளில் அவனுக்கு எதுவுமே ஞாபகமில்லை. மறுநாள் ஊரார் சொன்னதைத்தான் இத்தனை மேடையிலும் சொல்லியிருக்கிறான்.

"இத்தினி நாளா ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா? அந்தப் பொய்ய நீ சொல்லச் சொல்ல எல்லாரும் ஒனக்குக் கைதட்றாங்க. நான் குந்தினு கேக்கணும். முடியலய்யா."

இந்த ஞாயிறு பாகூரில் கூட்டம். தனியாகப் போனான். போகவே பிடிக்கவில்லை, உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் இருந்தது. சங்கச் செயலாளர் மணவாளன் காதோரம் வந்து, "அந்தப் பானை விஷயத்த வுட்டுடாதப்பா, அதுக்குத்தான் ஜனம் உருகுது" என்றார்.

பேசினான். அந்த இடம் வந்தது. தண்ணீர் குடித்தான்.

"அன்னிக்கு நான் இன்னா பண்ணேன்னு எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்ச மாதிரி இத்தினி நாளாப் பேசிட்டேன்."

மைக்கைக் கீழே வைத்தான். உட்கார்ந்துவிட்டான். நாலு பேர் மரியாதைக்குத் தட்டினார்கள். மணவாளன் அவன் முகத்தைப் பார்க்காமல் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வீட்டில் தேவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சட்டையைக்கூடக் கழற்றாமல் எதிரில் உட்கார்ந்தான்.

"அன்னிக்கு இன்னா நடந்துச்சி? முழுசா சொல்லு."

அவள் கை நின்றது. நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"இன்னிக்கி வேணாம். அசதியா இருக்குது. ஒரு நாளைக்கு நானே சொல்றேன். அப்ப நீ நடுவுல பேசக் கூடாது."

சரி என்று தலையாட்டிவிட்டு, அவனும் ஒரு கொத்துக் கீரையை எடுத்து ஆய ஆரம்பித்தான்.