கடுவனுக்கு யார் சொந்தம்

பேருந்து நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக அவளுடைய குரல்தான். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யார் பையைத் தவறவிட்டார்கள் என்று கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து மைக்கில் சொல்லிக்கொண்டே இருப்பாள். ஊருக்கே பழகிய குரல். முகம்தான் யாருக்கும் தெரியாது. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அவள் ‘மைக்கக்கா’. வீட்டுக்குப் போனால் பேச ஆளில்லை. அம்மா போனபிறகு ஒற்றைக்கட்டை. வெளிநாட்டில் ஒரு தம்பி இருக்கிறான். வாரத்துக்கு ஒருமுறை போன் செய்து, சாப்பிட்டாயா, உடம்பு எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான்.

நிலையத்தை ஒட்டிய பணிமனைக்குப் பின்னால், கழித்துப்போட்ட டயர்க் குவியலில் ஒரு சாம்பல் நிறப் பூனை குடியிருந்தது. கிழிந்த காதும் மிடுக்கான நடையுமாக, பார்க்கவே ரவுடி மாதிரி இருக்கும். கடுவன் என்று பெயர் வைத்தவள் அவள்தான். ஆறு வருடமாக மதியம் தன் சாப்பாட்டிலிருந்து பாதி மீனை ஒரு தகர மூடியில் வைத்துவிட்டு, பத்தடி தள்ளிப்போய் நிற்பாள். அவள் நகர்ந்தால்தான் அது வெளியே வரும். கையை நீட்டினால் சீறும். டீசல் பிடிப்பவர் ஒருமுறை தூக்கப் பார்த்து, முழங்கை வரை கீறல் வாங்கிக்கொண்டு ஊசிக்கு ஓடினார். ‘என்னடா, இன்னிக்கு எவனோட சண்டை?’ என்று அவள் தூரத்திலிருந்தே விசாரிப்பாள். அது தின்று முடித்து, அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் நகர்வதற்குள்ளேயே கடுவன் வந்துவிட்டது. மீனை முகர்ந்ததே தவிர வாய் வைக்கவில்லை. வாயோரம் எச்சில் நூலாக வழிந்தது. விலா எலும்புகள் துருத்தியிருந்தன. அவள் காலுக்கு ஒரு முழம் தள்ளி அப்படியே படுத்துவிட்டது. இத்தனை வருடம் ஆசைப்பட்ட நெருக்கம்தான். ஆனால் பயப்படக்கூட அதற்குத் தெம்பில்லை.

மெக்கானிக் பழைய கம்பளியைப் போட்டு அமுக்கி, கம்பிக் கூண்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். அந்த நிலையிலும் அது உறுமியது.

“விட்டுடுங்க மைக்கக்கா. அதுவா எங்கயாவது போய் ஒதுங்கிடும்,” என்றார்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் டயருக்கு அடியில் அது நாள்கணக்கில் கிடந்து சாவதை நினைக்க அவளால் முடியவில்லை. அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுக் கூண்டோடு கிளம்பினாள்.

கால்நடை மருத்துவமனையில் கொடுத்த படிவத்தில், உரிமையாளர் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. பின்னால் நின்றவர் கனைத்த பிறகு தன் பெயரை எழுதினாள்.

டாக்டரம்மா அதை உள்ளே கொண்டுபோய் மயக்கம் கொடுத்து, வாயைப் பார்த்து, ரத்தம் எடுத்துச் சோதித்தார். ஒரு மணி நேரம் கழித்து அவளைக் கூப்பிட்டு முதலில் சொன்னது வேறு விஷயம். “இது கடுவன் இல்லம்மா, பெண் பூனை. பலமுறை குட்டி போட்டிருக்கும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. ஒரு குட்டியைக்கூட அவள் கண்டதில்லை.

மற்றதை டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறைய போய்விட்டன. வாய் முழுக்கப் புண். இரண்டு வாரம் கூண்டில் வைத்துத் தினமும் டிரிப் ஏற்றலாம், அப்புறம் வீட்டில் அடைத்துவைத்து மருந்து கொடுக்கலாம். தாக்குப்பிடித்தால் மூன்று, நான்கு மாதம்.

“வீட்டுப் பூனைன்னா முயற்சி பண்ணலாம்னு சொல்லுவேன். இது ஒவ்வொரு தடவையும் நம்மளைக் கொல்ல வர்றவங்களாத்தான் பார்க்கும். வேண்டாம்னா, வலியில்லாம முடிச்சிடலாம். நீங்கதான் சொல்லணும்.”

கூண்டோடு வெளிக்கூடத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். தம்பிக்கு போன் செய்தாள். தெருப்பூனைக்கா இத்தனை பாடு என்று கேட்டான், அலுவலகக் கூட்டத்தில் இருக்கிறேன் என்றான், உன் இஷ்டம் என்று வைத்துவிட்டான்.

அம்மா இருந்த அறை சும்மாதான் கிடக்கிறது. ஜன்னலை அடைத்துவிடலாம். கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி, மூலையில் மணல் தட்டு. வேலை முடிந்து கதவைத் திறந்தால் உள்ளே ஓர் உயிர் இருக்கும். மனசுக்குள் அந்த அறையை முழுக்க ஒழுங்குபண்ணி முடித்துவிட்டுத்தான் கூண்டைக் குனிந்து பார்த்தாள். மயக்கம் தெளிந்த பூனை மூலையோடு மூலையாக ஒட்டிக்கொண்டு, வாசல் கதவின் கீழ் இடுக்கில் தெரிந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அறையில் அதற்கென்று ஒன்றுமில்லை, எல்லாம் தனக்காகத்தான் என்று அவளுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

உள்ளே போய், “வலியில்லாம அனுப்பிடுங்க டாக்டர். நான் பக்கத்துல இருக்கலாமா?” என்று கேட்டாள்.

முதல் ஊசியில் அது நன்றாகத் தூங்கியபிறகு, தொடலாம் என்றார் டாக்டரம்மா. ஆறு வருடத்தில் முதல் தடவையாகத் தொட்டாள். முதுகு முடி முரடாக, டீசல் பிசுக்கோடு இருந்தது. காதுக்குப் பின்னால் மட்டும் பஞ்சு. நாளெல்லாம் ஆயிரம் பேருக்குப் பேசுகிறவள் அதன் காதோரம் குனிந்தாள். “என்னடி, இப்படி எலும்பாயிட்டே,” என்று மட்டும் சொன்னாள். இரண்டாவது ஊசி போட்டது அவளுக்கே தெரியவில்லை. கைக்குக் கீழே விலா ஏறி இறங்குவது நின்றது.

உடலை அவர்களே புதைத்துவிடுவதாகச் சொன்னார்கள். பேருந்தில் ஏறினால் தெரிந்த நடத்துநர் யாராவது விசாரிப்பார் என்று, காலிக் கூண்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். சாலையைக் கடக்க நின்றபோது பக்கத்திலிருந்த பெண் கூண்டை எட்டிப் பார்த்து, கோழி, புறா ஏதாவது வாங்கப் போகிறீர்களா என்று கேட்டாள்.

“இல்லைங்க, விட்டுட்டு வர்றேன்.”

அந்தப் பெண் தலையாட்டிவிட்டுக் கடந்து போனாள்.

வீட்டுக்கு வந்து குளித்ததும் நல்ல பசி எடுத்தது. இன்றைக்குப் போய் இப்படிப் பசிக்கிறதே என்று தன்மேலேயே எரிச்சலோடு, அடுப்பைப் பற்றவைத்தாள்.