தேமல் படாத குச்சி

எங்கள் மேட்டு நிலத்தில் சோதனைப் பயிருக்கென்று பலகை நட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். கரியாலூர் பக்கம் எத்தனையோ பேர் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போடுகிறார்கள். ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் தேடி வந்தது எங்களை. தேமல் நோய் தாக்காத புது ரகம் என்றார்கள். இலையெல்லாம் மஞ்சள் திட்டு விழுந்து சுருண்டு, கிழங்கு விரல் பருமன்கூடத் தேறாத ஊரில் அது சின்னச் சேதியா?

களை எடுத்தது நான். காட்டுப்பன்றிக்குக் காவல் கிடந்தது என் வீட்டுக்காரர். அவர்கள் எப்போதாவது ஜீப்பில் வந்து இலையைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். அதைக்கூட நான் குறை சொல்லவில்லை. ரகம் அருமையான ரகம். ஓர் இலையில்கூடத் தேமல் இல்லை.

கிழங்கைப் பிடுங்கினால் தண்டு மிஞ்சும். அதைத் துண்டு போட்டு நட்டால் அடுத்த பயிர். எங்கள் ஊரில் விதைக்குச்சியை யாரும் விற்பதில்லை, கேட்டு வந்தவர்களுக்கு இல்லை என்பதும் இல்லை. அடுத்த நிலம் என் நாத்தனாருடையது. அவள் பயிர் முழுக்க நோயில் போயிருந்தது.

"ரெண்டு கட்டு குடு அண்ணி. இந்த வாட்டியும் நோவுக் குச்சிய நட்டா, புள்ளைய இஸ்கூல்லேந்து நிறுத்திட்டு கள்ளக்குறிச்சிக்குக் கரும்பு வெட்டத்தான் போவணும்" என்றாள்.

கொடுத்தேன். நட்டாள். தளிரும் விட்டது. அப்போதுதான் ஜீப் வந்தது; அடுத்த நிலத்துத் தளிர் அவர்கள் கண்ணில் பட்டுவிட்டது.

"யாரைக் கேட்டும்மா குடுத்தீங்க? இது இன்னும் வெளியிடாத ரகம். வெளிய போகக் கூடாது" என்றார் அதிகாரி.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல சார்?"

"பலகையில எழுதியிருக்கே."

பலகை முழுக்க இங்கிலீஷ்.

"எப்ப சார் வெளிய உடுவீங்க?"

"அதுக்கு ஒரு முறை இருக்கும்மா. சில வருஷம் ஆகும்."

"அதுவரிக்கும் அவ இன்னாத்த நடுவா?"

அவர் ஜீப்பைப் பார்த்துக் கை காட்டினார். ஆட்கள் நாத்தனார் நிலத்தில் இறங்கி, கஞ்சாச் செடி பிடுங்குகிற மாதிரி, தளிர்விட்ட குச்சிகளைப் பிடுங்கினார்கள். அவள் வரப்பிலேயே நின்றாள். ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சோதனை முடியாமல் ஊரெல்லாம் பரப்பக் கூடாது என்றால் அதுவும் எனக்குப் புரியும், ஒரு நாள் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால். நிலம் கேட்க வந்தபோது வீட்டுக்குள் உட்கார்ந்து டீ குடித்தவர்கள்தானே. அப்போது தமிழ் நன்றாகவே வந்தது.

குச்சிகளை ஏற்றி முடித்ததும் அதிகாரி சமாதானமாகச் சிரித்தார். "அடுத்த வருஷமும் இங்கயே போடலாம்னு இருக்கோம்மா. நீங்கதான் பயிரை நல்லா பாத்துக்கறீங்க."

"என் நாத்தனா நெலத்துல போடுங்க சார்" என்றேன். "நீங்களே காலி பண்ணிட்டீங்க. ஆனா பாத்துக்க ஆள் இருக்காது. அவ கரும்பு வெட்டப் போயிடுவா."