பதினோராம் மேடையின் கடைசிச் சுரம்

ரொறொன்ரோவில் ஒரு காலம் ஸ்ட்ரீற்கார் ஓட்டுநர்கூட விசிலடித்துத் திரிந்த ஜாஸ் மெட்டு ஒன்று இருந்தது. ‘பதினோராம் மேடை’ என்று பெயர். நீக்கிலாஸ் அதை முதன்முதல் வாசித்த அன்றே பிழையாய் வாசித்துவிட்டார்.

நீக்கிலாஸ் யாழ்ப்பாணக் கரையோரத்துக் கத்தோலிக்கர். இப்போது ரொறொன்ரோவை அடுத்த மார்க்கம் நகரில் கார்க் கதவுக்குக் கைபிடி செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஊரில் மாதா கோயில் பாண்டில் அவர் ட்ரம்பெட், தம்பி சீமோன் பெரிய மேளம். எந்தச் செத்தவீட்டிலும் பெட்டிக்கு முன்னால் நடப்பது அவர்கள் இருவரும்தான்.

அந்தப் பாண்டுக்கு ஒரு முறை உண்டு. குழிக்கரையில் சவப்பாட்டை வாசித்துக்கொண்டு போய், கடைசிச் சுரத்துக்கு முன்னால் நிறுத்திவிடுவார்கள். சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். முதல் பிடி மண் பெட்டியில் ‘தொப்’பென்று விழுந்த பிறகே ட்ரம்பெட் அந்த ஒரு சுரத்தை ஊதும். ஊதிவிட்டால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் பெண்கள் வாய்விட்டு அழுவார்கள்.

கனடாவுக்கு வந்து பத்து வருடம் அவர் ட்ரம்பெட்டைத் தொடவில்லை. தொழிற்சாலைக் கூட்டாளி ஒருவர்தான் மில்லிக்கனில் சனிக்கிழமைக் காலைகளில் கூடும் ஜாஸ் குழுவுக்கு இழுத்துக்கொண்டு போனார். தேவாலயம் ஒன்றின் பேஸ்மென்ற். குழுவை நடத்தியவர் டொறொத்தி என்ற கறுப்பினப் பெண்மணி. விட்பியிலிருந்து ட்ரொம்போனோடு காரில் வருவார்.

அன்று ‘பதினோராம் மேடை’. ரயில் தண்டவாளத்தில் தட்டித் தட்டி ஓடுவதுபோல மேளம் நடக்க, மெட்டு படிப்படியாய் ஏறியது. வாசலுக்கு ஒரு படி இருக்கையில் சட்டென்று நின்றது. எல்லாரும் வாத்தியத்தை இறக்காமல் அப்படியே இருந்தார்கள். நீக்கிலாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது குழிக்கரை மௌனமல்லவா!

அந்த நேரம் பார்த்து மேளக்காரரின் தடி கை தவறிக் கார்ப்பெற்றில் விழுந்தது. தொப்.

நீக்கிலாஸ் யோசிக்கவேயில்லை. உதடு தானாய் ஊதிவிட்டது, அந்தக் கடைசிச் சுரத்தை.

அத்தனை தலைகளும் திரும்பின. மேளக்காரர் வாய்க்குள் என்னவோ முனகினார். டொறொத்தி மட்டும் ட்ரொம்போனை மடியில் வைத்துவிட்டு, “இந்தச் சுரத்தை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை” என்றார். பிறகு கதையைச் சொன்னார்.

அந்த மெட்டைக் கட்டியவர் அவருடைய தகப்பன் எஸ்றா. யூனியன் ஸ்டேஷனில், பதினோராம் ரயில் மேடையில், பெட்டி தூக்கும் போர்ட்டர். நாற்பத்தைந்தில் யுத்தம் முடிந்து ரயில் ரயிலாய்ப் படையாட்கள் வந்து இறங்க, அவர்களுடைய மூட்டைகளைச் சுமந்துகொண்டே ஒவ்வொரு ரயில்பெட்டி வாசலிலும் தன் தம்பியைத் தேடினார். தம்பி வரவில்லை. இறந்தான் என்றும் யாரும் சொல்லவில்லை. காணவில்லை, அவ்வளவுதான். அந்த வருடமே எஸ்றா இந்த மெட்டை வாசிக்கத் தொடங்கினார், கடைசிச் சுரம் இல்லாமல். கேட்டவர்களிடம், “அவன் இன்னும் இறங்கவில்லையே” என்பாராம்.

ஊர் முழுக்க அது பரவியது. நடன மண்டபங்களில் ஆடுகிறவர்கள் ஒரு காலைத் தூக்கியபடியே நின்று முடித்தார்கள். டொறொத்தி பிறக்க முந்தி ஒரு ரொட்டிக் கொம்பனி விளம்பரத்துக்காகச் சுரத்தைச் சேர்த்து வாசிப்பிக்க, சனம் ரேடியோ நிலையத்துக்குப் போன் பண்ணி ஏசித் தள்ளிவிட்டது.

நீக்கிலாஸ் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு புறப்பட்டார். வீட்டுக்கு வந்து மனைவி பேர்ணடெற்றிடம், “ஒரு பெட்டி தூக்கிற மனுசன் ஒரு பட்டினத்தையே மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்க வைச்சிருக்கிறான் அப்பா!” என்றார்.

“முதல்ல சோத்தைச் சாப்பிடுங்கோ. பிறகு மூச்சைப் பிடிக்கலாம்” என்றாள் பேர்ணடெற்.

பத்துப் பதினொரு வருடம் போனது. இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம். இடம்பெயர்ந்திருந்த வன்னியிலிருந்து சீமோன் கடைசியாய்க் கதைத்தது தைப்பொங்கலுக்கு முன்னம். யுத்தத்தை நிறுத்தச் சொல்லி யூனிவர்சிற்றி அவெனியூவில் சனத்தோடு சனமாய் நின்று கத்திக் கத்தி நீக்கிலாசுக்குத் தொண்டை கட்டிப்போனது. பிறகு யுத்தம் முடிந்தது என்றார்கள். சீமோனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

“பூசை குடுப்பம்” என்றாள் பேர்ணடெற். “எத்தினை நாளைக்குப் பாக்கிறது? அவன்ரை ஆத்துமம் அலைய விடாதேங்கோ.”

“உயிரோடை இருக்கிறவனுக்கு ஆரும் துக்கப்பூசை குடுப்பினமே?”

“இருக்கிறான் எண்டு ஆர் சொன்னது?”

“இல்லையெண்டு ஆர் சொன்னது?”

இரண்டு நாள் கதைபேச்சில்லை. மூன்றாம் நாள் அவரே, “சரி, குடு. நானே வாசிக்கிறன்” என்றார். வீடு நிம்மதிப்பட்டது. ஆனால் தம்பியைத் தன் வாயாலேயே அனுப்பிவைக்க முடியுமா என்பது அவருக்குத் தெரியவில்லை.

பூசையன்று ஊர்ச்சங்கச் செயலாளர் அருள்நாயகம் கையில் யோகட் டப்பாவோடு வந்தான்.

“நீக்கிலாஸண்ணை, பெட்டி இல்லை, குழி இல்லை. எண்டாலும் முறை முறைதானே. என்ரை பின்வளவு மண். புல்லு, கல்லு ஒண்டும் இல்லை, அரிச்சுக் கொண்டந்தனான்.”

“உதென்னடா, வனிலா மணக்குது?”

“டப்பா அண்ணை. மூண்டு தரம் கழுவினனான், போகுதில்லை.”

பூசை முடிந்ததும் சீமோனின் படத்துக்கு முன்னால் நீக்கிலாஸ் ட்ரம்பெட்டை எடுத்தார். மேளத்துக்கு ஆள் வைக்கவில்லை. அந்த இடம் வெறுமையாய் இருந்தது. கோயிலின் பின்வரிசையில், கடைசி வாங்கில் டொறொத்தி இருந்தார். சவப்பாட்டு இறங்கி, வளைந்து, கடைசிச் சுரத்துக்கு முன்னால் வந்து நின்றது. ஒரு குழந்தைகூட அசையவில்லை.

அருள்நாயகம் ஒரு பிடி அள்ளிப் படத்துக்கு முன்னால் விரித்த கார்ட்போர்ட் மட்டையில் போட்டான். தொப்.

உதட்டில் ட்ரம்பெட் இருந்தது. நெஞ்சில் காற்றும் இருந்தது. மண் இல்லாத இடத்தில் அன்றைக்கு மண் விழுந்ததாய்க் கேட்டு ஊதிய மனிதர், இன்றைக்கு மண் விழுந்தும் ஊதவில்லை. ட்ரம்பெட்டை மெல்ல இறக்கினார்.

அவருக்குக் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து அருள்நாயகம் இன்னொரு பிடி போட்டான். “அண்ணை, போட்டாச்சு” என்று கிசுகிசுத்தான்.

“கேட்டது. அவன் இன்னும் இறங்கேல்லையடா.”

பெண்கள் அழவில்லை. கடைசி வாங்கில் டொறொத்தி எழுந்து நின்றார். அவரைப் பார்த்து முன்வாங்கில் ஒரு தாய் எழும்பினாள். அவளுடைய மகனிடமிருந்தும் தகவலில்லை. பிறகு ஒவ்வொருவராய் முழுக் கோயிலும் எழுந்து நின்றது. அறுபத்து நாலு வருடத்துக்கு முந்தி ஒரு போர்ட்டர் மூடாமல் விட்ட வாசலில் அத்தனை பேரும் தங்கள் தங்கள் ஆட்களைப் பார்த்து நின்றார்கள்.

பேர்ணடெற் என்ன சொல்லப்போகிறாள் என்று நீக்கிலாஸ் பயந்தார். அவள் முன்னால் வந்தாள். மட்டையைத் தூக்கி, சிந்திய மண்ணையெல்லாம் டப்பாவுக்குள் திருப்பிக் கொட்டி, மூடியை அழுத்தினாள்.

“அருள்நாயகம், உந்த மண்ணை வீட்டை கொண்டுபோம். கத்தரிக்கண்டு நடுற நேரம்” என்றாள். பிறகு கணவரின் பக்கம் திரும்பி, “ட்ரம்பெட்டை உறையிலை வையுங்கோ. அவன் வந்தால் மேளம் இல்லையெண்டு கத்துவான், ஒண்டு வாங்கப் பாக்கவேணும்” என்றாள்.