விருந்தாளிகளின் சரிவு

ஊட்டியில் பெர்ன்ஹில்லுக்குக் கீழே இருந்த எங்கள் வார்டை எந்தக் கட்சியும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடிந்ததில்லை. மேட்டுத் தெருவில் மாதா கோயிலைச் சுற்றிக் கிறிஸ்தவக் குடும்பங்கள், ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள். நடுத்தெருவில் கோயமுத்தூர்ப் பக்கமிருந்து கடை வைக்க வந்த எங்களைப் போன்ற குடும்பங்கள். பள்ளத்தில் நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பு. ஓரமாக, தங்கள் ஊர்களை விட்டு நகரத்தில் வீடு கட்டிக்கொண்ட சில படகர் குடும்பங்கள். எந்தத் தெருவும் தனியாக ஒருவரை ஜெயிக்க வைக்காது. இரண்டு தெரு சேர வேண்டும். என் மனைவியின் அண்ணன் ஒரு நகராட்சித் தேர்தலில் கொஞ்ச ஓட்டில் தோற்றார். அன்றைக்கு மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணம். நடுத்தெருவில் பாதிப் பேர் காலை பஸ்ஸில் மலையிறங்கிப் போய்விட்டார்கள். அந்தக் கல்யாண வீட்டாரோடு மச்சான் கடைசிவரை பேசவே இல்லை.

அதற்குப் பிறகுதான் பள்ளத்தையும் தாண்டியிருந்த சரிவில் குடிசைகள் முளைத்தன. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலில் அனுப்பப்பட்டவர்கள். அரசாங்கம் அவர்களைச் சமவெளியில் இறக்கிவிட்டது. வெயிலும் தாங்காமல், தெரிந்த வேலையும் கிடைக்காமல், அவர்களாகவே மலையேறி வந்தார்கள். உருளைக்கிழங்கு தோண்டவும் கேரட் கழுவவும் போனார்கள். வார்டில் யாருக்கும் அவர்களைப் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. யாருக்கும் அவர்கள் கணக்கு புரியவில்லை, அவ்வளவுதான்.

நான் பள்ளிக்கூட வாத்தியார். வாக்காளர் பெயர்களை வீடு வீடாகப் போய் எழுதும் வேலை எனக்கு வந்தது. முந்தின நாள் மச்சான் டீ குடிக்க வந்தார்.

"ஏனுங்க மாப்ளே, அந்தச் சரிவுக்கும் போறீங்களாக்கும்?"

"போகாம?"

"போங்க, வேண்டாங்கல. ஆனா அவுங்க ஆருக்குப் போடுவாங்கன்னு ஆருக்குத் தெரியும்? சொன்னா எழுதுங்க. சொல்லலீன்னா தொண்டை கிழியக் கேக்காதீங்க."

முதல் குடிசையில் கதவுக்குப் பதில் சாக்கு தொங்கியது. அதை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்தாள். நாற்பது வயதிருக்கும்.

"எத்தன பேருங்க இந்த ஊட்ல?"

"நாங்க விருந்தாளிங்க ஐயா. ரெண்டு நாளைக்கு வந்திருக்கோம்."

"ஊட்டுக்காரங்க?"

"வேலைக்குப் போயிட்டாங்க."

அடுத்த குடிசையில் ஒரு கிழவர். அவரும் விருந்தாளி. அதற்கடுத்த குடிசையிலும் விருந்தாளிகள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஊரே விருந்துக்கு வந்திருக்குது. சமையல் ஆரு ஊட்லீங்க?"

பக்கத்துக் குடிசைக் கிழவர் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். "சமைச்சா சொல்லி அனுப்புறோம், ஐயாவும் வாங்க."

நான் திரும்பும்போது அந்தப் பெண் பாதைவரை பின்னாலேயே வந்தாள். "பேர எழுதினா எங்கங்க ஐயா அனுப்புவீங்க?" என்று கேட்டாள்.

அவள் சொல்லச் சொல்லத்தான் எனக்கு விளங்கியது. இலங்கையில் அதிகாரிகள் வந்து பெயர் பதிந்த பிறகுதான் அவள் குடும்பம் பிரிந்திருக்கிறது. மூத்த மகனுக்கு அந்த நாட்டுப் பிரஜாவுரிமை, அவளுக்கும் கணவனுக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் இந்தியா. "கோச்சி கெளம்பினப்ப அவன் கூடவே ஓடி வந்தான் ஐயா" என்றாள். ரயிலை அவர்கள் கோச்சி என்றுதான் சொல்வார்கள். இந்தச் சரிவின் அடையாளத்தை எழுதி மகனுக்குக் கடிதம் போட்டிருந்தாள். அதன்பின் அங்கே கலவரம். பதில் இல்லை. அவன் தோட்டத்தை விட்டு எங்கே போனான் என்றும் தெரியவில்லை. வந்தால் இங்கேதான் வந்து தேடுவான் என்றாள்.

இது ஓட்டுக்கு எழுதுவது, அனுப்புவதற்கு இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. "பயப்படாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஏறினேன். நிலையாகக் குடியிருப்போர் இல்லை என்று எழுதினேன். அவர்கள் சொன்னதைத்தானே எழுதினேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மச்சான் ஜெயித்தார். போன முறையைப் போலவே கொஞ்ச ஓட்டு வித்தியாசம்தான், இந்த முறை அவர் பக்கம்.

அடுத்த மழைக்காலத்தில் சரிவில் மண் இறங்கியது. உயிர்ச்சேதம் இல்லை. குடிசைகளைக் காலி செய்ய வேண்டும், ஆட்களை ஏற்ற லாரி வரும் என்று உத்தரவு வந்தது. அந்த வார்டின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்களுக்கு வேறு பக்கம் இடம் தருவதாகச் சொன்னார்கள். காலையில் அந்தப் பெண் கணவனோடு என் வீட்டு வாசலில் நின்றாள்.

"ஐயா, அன்னைக்குச் சொன்னது பொய்ங்க. நாங்க விருந்தாளி இல்ல. எல்லார் பேரையும் எழுதிக்குங்க."

எழுதும் காலம் முடிந்திருந்தது. இருந்தாலும் நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். "உங்க கையெழுத்துதானே சார்? ஆருமே இல்லீன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க" என்றார் குமாஸ்தா. அவர் கேலி செய்யவில்லை, உண்மையிலேயே குழம்பிப்போயிருந்தார். பிழையாக எழுதிவிட்டேன் என்று மனு கொடுத்தேன். அது மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தது.

மச்சானிடம் போனேன்.

"அவுங்களுக்கு ஓட்டு இருந்திருந்தா நானே லாரிக்குக் குறுக்க படுத்திருப்பேன் மாப்ளே. இப்ப பேசுனா மேட்டுத் தெருவும் போயிரும், பள்ளமும் போயிரும். அந்தத் தெருக்காரங்களுக்கும் புதுசாத் தர்ற எடத்து மேல கண்ணு இருக்குது. நானென்ன பண்றது, சொல்லுங்க."

அவர் சொன்னது சரிதான். அந்த வார்டில் யார் உறுப்பினராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். அப்படி ஆக்கியதில் என் கை இருந்தது. எழுந்து வந்தேன்.

லாரி வந்த அன்று மூடுபனி. ஓவேலிப் பக்கம் எஸ்டேட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண் சட்டி பானைகளை ஏற்றிவிட்டு என்னிடம் வந்தாள். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன்.

"எம் மகன் வந்து கேட்டா ஓவேலின்னு சொல்லிருங்க ஐயா."

சரி என்றேன்.

"அங்கயும் பேரு எழுத வந்தா சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்க. எல்லார் பேரையும் சொல்லுங்க" என்றேன். என்னை நம்பினாளா என்று தெரியவில்லை. லாரியில் ஏறிக்கொண்டாள்.

ஓய்வு பெற்றபின் என் மகன் கோயமுத்தூரில் தன் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னான். நான் போகவில்லை. இன்னும் அதே நடுத்தெரு வீட்டில்தான் இருக்கிறேன். சரிவில் இப்போது சுற்றுலா வருபவர்கள் தங்கக் காட்டேஜ்கள் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் யாராவது புது ஆள் நின்று சுற்றிப் பார்த்தால் வெளியே வந்து யாரைத் தேடுகிறார் என்று கேட்கிறேன். பெரும்பாலும் அறை கேட்டு வந்தவர்களாகத்தான் இருக்கிறார்கள்.