தம்பியை எரிக்கச் சொன்னவள்

பட்டாசுக் கம்பெனி வெடி விபத்தில் என் தம்பி கருகிப்போனான். சிவகாசி ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள். முகத்தைக்கூட யாருக்கும் காட்டவில்லை.

எங்களில் பிள்ளைகளையும் கல்யாணமாகாதவர்களையும் புதைப்போம், மற்றவர்களை எரிப்போம். அதனால் விறகுக்குச் சொல்லி அனுப்பினேன். பாடையைத் தூக்கும் நேரத்தில் தம்பி பெண்டாட்டி மாரி என் காலைக் கட்டிக்கொண்டாள்.

“மதினி, ஒருக்க வெந்தது போதும். அவுகளப் புதைச்சிருங்க.”

எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். வீட்டுக்கு மூத்தவள் நான். சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குழி வெட்டியிருப்பார்கள்.

“கல்யாணமானவனப் புதைச்சா ஊரு காறித் துப்பும். கால விடுடி” என்றேன்.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அதனால் அன்று நான் எதையும் பார்க்கவில்லை.

போன மாதம் வடை சுடும்போது என் கையில் எண்ணெய் தெறித்தது. மிளகு அளவுதான். அலறிவிட்டேன். மாரிதான் ஓடிவந்து தண்ணீர் ஊற்றினாள், வாயால் ஊதிவிட்டாள்.

“ரொம்ப எரியுதா மதினி?”

அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.