மட்கார்டில் உட்கார்ந்தபடி ஒரு வரவேற்பு

மண்ணெண்ணெயில் ஊறிய பழைய கிரீஸின் வாடை... முடிச்சூர் வீட்டு வாசலே அன்று அப்படித்தான் மணத்தது.

அண்ணனின் பத்மினி கார், இன்ஜின் இல்லாமல், முட்டுக்கட்டைகள் மேல் நின்றது. முன் ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டும். ஜாக்கால் அதை அமுக்கிப் பிடித்து, போல்ட்டுகளை எடுத்தபின் ஜாக்கை மெல்ல இறக்க வேண்டும். ஆனால் ஜாக்கை ஏற்றினால், ஸ்பிரிங் அமுங்காமல் வண்டியே எழும்பியது.

"வெயிட் வேணும்பா. ரெண்டு பேரும் ஏறி உக்காருங்க" என்றார் அண்ணன்.

ஒரு மட்கார்டில் அப்பா, லுங்கியும் பனியனுமாக. மறுபக்கம் நான். பத்திரிகை வேலையில் சேர்ந்த புதிது...

போல்ட்டுகள் கழன்றுவிட்டன. அண்ணனின் இரண்டு கைகளும் ஸ்பிரிங்குக்கு அடியில். அப்போது கேட் திறந்தது.

அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள். மாலையில் வருவதாகச் சொன்னவர்கள் முன்னதாகவே வந்துவிட்டார்கள்; பெருங்களத்தூரில் இறங்கியதும் ஆட்டோ கிடைத்ததாம்.

பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்காமல் எங்கள் வீட்டில் யாரும் இருந்ததில்லை. அப்பாவின் உடம்பு தானாகவே எழும்பியது.

"அப்பா! எழுந்துக்காத! ஸ்பிரிங் தெறிச்சிடும்!" வண்டிக்கு அடியிலிருந்து அலறல்.

அப்பா அப்படியே அமர்ந்தார். "வாங்க சார், வாங்கம்மா. உள்ள போய் உக்காருங்க... நான் இப்ப எழுந்துக்க முடியாது, தப்பா நினைக்காதீங்க."

மாப்பிள்ளையின் அம்மா கணவரிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. "பொண்ணு வூட்டுக்காரங்க கார் மேல உக்காந்துகினு வரவேற்கிறாங்க. கால் மேல கால் போடாததுதான் பாக்கி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பாவின் பனியனில் இருந்த ஓட்டைகள், தொங்கிய என் கால்கள்... வண்டிக்குள் புகுந்து மறைந்துவிடலாம் போலிருந்தது. ஜாக் முழுவதும் இறங்கி, ஸ்பிரிங் தளர்ந்து, அண்ணன் "சரி" என்று சொன்னபோது அவர்கள் காபியைத் தொடாமலே கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவர்களிடமிருந்து பதில் வரவில்லை. "எழுந்திருந்தா மட்டும் என்ன, வேற குறை சொல்லியிருப்பாங்க" என்றாள் அக்கா. ஆனால் அவர்கள் வந்துபோன அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

இன்று அக்கா கல்யாணமாகி, கீழ்க்கட்டளையில் நன்றாகத்தான் இருக்கிறாள். ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடிக்கக் கருவியே வந்துவிட்டது. யாரும் மட்கார்டில் உட்கார வேண்டியதில்லை. அப்பாதான் இல்லை.

போன வாரம் என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையில், எல்லோருக்கும் முன்பாக எழுந்து நின்றேன். அண்ணன் சமையலறையிலிருந்து காபித் தட்டை எடுத்துவந்தார், இரண்டு கைகளாலும், ஒரு சொட்டுச் சிந்தாமல்.

அன்று ஸ்பிரிங்குக்கு அடியில் இருந்த அந்தக் கைகளைப் பார்த்தேன். வந்தவர்கள் ஏதோ கேட்டார்கள்... நான் தட்டை வாங்கிக்கொண்டு, அண்ணனை முதலில் உட்காரச் சொன்னேன்.